ஒரே திராட்சையை நம்பாத ஊர்!

பிரான்ஸின் தென்மேற்குப் பகுதியில் இருக்கிறது போர்தோ. கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் இங்கே ஒன்று சேர்ந்து, ஜிரோந்த் என்ற புதுப் பெயருடன் அட்லான்டிக் கடலுக்குப் போகின்றன. ஆற்றங்கரை நெடுகிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைத் தோட்டங்கள்தான். உலகத்திலேயே அதிக விலைக்குப் போகும் ஒயின்களில் சில இந்த மண்ணில் பிறந்தவை.

ஆனால், 'இது எந்தத் திராட்சையில் செய்தது?' என்று போர்தோவில் கேட்டால், பெரும்பாலும் ஒற்றைப் பெயர் பதிலாக வராது. இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து வகைத் திராட்சைகள்கூட ஒரே பாட்டிலுக்குள் இருக்கும். ருசிக்காகத்தான் இப்படிக் கலக்கிறார்கள் என்று நினைப்போம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வானத்தை நம்பிப் பிழைக்கும் விவசாயியின் முன்ஜாக்கிரதை!

இரண்டு கரை, இரண்டு குணம்

ஆற்றின் இடது கரையில் கூழாங்கற்கள் நிறைந்த மண். மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். பகலில் வாங்கிய வெயிலைக் கற்கள் பிடித்துவைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவின்யோன் என்ற திராட்சைக்கு இந்தச் சூடு அவசியம். சின்னப் பழம், தடித்த தோல். அதனால் ஒயினில் அடர்ந்த நிறமும், பாக்கு மென்றது போன்ற துவர்ப்பும் வரும். அந்தத் துவர்ப்புதான் ஒயினைப் பல வருடங்கள் தாக்குப்பிடிக்க வைக்கிறது.

வலது கரையில், செந்த் எமிலியோன், பொமெரோல் போன்ற ஊர்களில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அதிகம். ஈரம் தங்கும் குளிர்ந்த மண். இங்கே மெர்லோ என்ற திராட்சைக்குத்தான் முதலிடம். இது சீக்கிரமே பழுக்கும். ஒயினுக்கு மென்மையையும் பழச்சுவையையும் தரும். கேபர்னேயின் முரட்டுத் துவர்ப்பும் மெர்லோவின் மென்மையும் சேரும்போது, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது.

இது ருசிக் கணக்கு. இதற்குள் ஒரு பருவநிலைக் கணக்கும் இருக்கிறது. மெர்லோ முன்கூட்டியே துளிர்க்கும் என்பதால், வசந்த காலத்து உறைபனி அதைத்தான் முதலில் தாக்கும். கேபர்னே தாமதமாகப் பழுக்கும் என்பதால், இலையுதிர் காலத்து மழை அதைக் கெடுக்கும். இரண்டையும் நட்டு வைத்திருந்தால், ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். 1984-ம் ஆண்டு அப்படித்தான் ஆனது. மெர்லோ பூத்த நேரத்தில் வானிலை கெட்டதால் பிஞ்சு பிடிக்கவே இல்லை. அந்த வருடம் பல தோட்டங்களைக் காப்பாற்றியது கேபர்னேதான்.

கலந்தால் கலந்ததுதான்!

அறுவடை முடிந்ததும், ஒவ்வொரு வகைத் திராட்சையையும், பெரிய தோட்டங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்தின் திராட்சையையும்கூட, தனித்தனித் தொட்டியில் நொதிக்க வைக்கிறார்கள். குளிர்காலத்தில் தோட்டக்காரரும் ஒயின் நிபுணர்களும் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். எதிரே வரிசையாக மாதிரிகள், அளவுக் குடுவைகள். கேபர்னே இவ்வளவு, மெர்லோ இவ்வளவு என்று அளந்து கலப்பார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார்கள். மறுபடியும் விகிதத்தை மாற்றுவார்கள். பெத்தி வெர்தோ என்ற காரசாரமான திராட்சையை ஓரிரு சதவிகிதம் சேர்த்தாலே மொத்தக் குணமும் மாறிவிடும்.

இந்த வேலைக்கு பிரெஞ்சில் 'அசம்பிளாஜ்' என்று பெயர். மேஜையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கலந்து பார்க்கலாம். தொட்டியில் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஒரு வருட உழைப்பு அந்த முடிவில் அடங்கியிருக்கிறது. தேறாத தொட்டிகள் தோட்டத்தின் 'இரண்டாவது ஒயின்' ஆகும். அல்லது மொத்த வியாபாரிக்குப் போகும்.

போர்தோவுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல இது. வடக்கே, குளிர் அதிகமான ஷாம்பெயின் பகுதியில் திராட்சைகளோடு வருடங்களையும் கலக்கிறார்கள். நல்ல விளைச்சல் வந்த வருடங்களின் ஒயினைச் சேமித்து வைத்து, மோசமான வருடத்து ஒயினில் சேர்க்கிறார்கள். பொங்கும் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் டோம் பெரின்யோன் என்ற துறவி என்று ஒரு கதை உண்டு. உண்மையில், 1668-ல் ஓவில்லே மடத்தில் பொறுப்பேற்ற அவர், ஒயினில் நுரை வராமல் தடுக்கவே பாடுபட்டார். அவருடைய உண்மையான திறமை, வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளைச் சேர்ப்பதில் இருந்தது.

இதற்கு நேர்மாறானது பர்கண்டி. அங்கே சிவப்பு ஒயின் என்றால் பெரும்பாலும் பினோ நுவார் என்ற ஒரே திராட்சைதான். அது பொய்த்தால், அந்த வருடம் கைகொடுக்க வேறு திராட்சை இல்லை.

காணாமல் போனவர்கள்

போர்தோவின் திராட்சைப் பட்டியல் காலங்காலமாக மாறாமல் இருப்பது போலத் தோன்றும். அப்படி இல்லை. கேபர்னே சோவின்யோனே ஒரு கலப்புக் குழந்தைதான். அதன் பெற்றோர் கேபர்னே ஃப்ரான் என்ற கறுப்புத் திராட்சையும் சோவின்யோன் ப்ளான் என்ற வெள்ளைத் திராட்சையும் என்று 1997-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை மூலம் சொன்னபோது ஒயின் உலகமே ஆச்சரியப்பட்டது.

ஒரு காலத்தில் இங்கே மல்பெக் பரவலாக இருந்தது. 1956 பிப்ரவரியில் வந்த கடும் உறைபனியில் கொடிகள் கூட்டமாகச் செத்தன. பல விவசாயிகள் அதே இடத்தில் மெர்லோவை நட்டார்கள். மல்பெக் இன்று செழிப்பது அர்ஜென்டினாவில். கார்மனேர் என்ற திராட்சையின் கதை இன்னும் விசித்திரம். 19-ம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா என்ற பூச்சி, வேரைத் தாக்கி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீட்டார்கள். மறுபடி நட்டபோது, சரியாகக் காய்க்காத கார்மனேரை விட்டுவிட்டார்கள். அது அழிந்தே போனது என்றுதான் நினைத்தார்கள். 1994-ல் ழான்-மிஷெல் புர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர், சிலி நாட்டில் மெர்லோ என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்த கொடிகளில் பலவும் கார்மனேர்தான் என்று அடையாளம் காட்டினார்!

புதிய எதிரி

இப்போது போர்தோவுக்குத் தொல்லை குளிரைவிட வெப்பம். இங்குள்ள கறுப்புத் திராட்சையில் பாதிக்கும் மேல் மெர்லோ. வெயில் ஏறினால் அது மிகவும் சீக்கிரம் பழுத்துவிடுகிறது. பழத்தில் சர்க்கரை கூடுகிறது, புளிப்பு குறைகிறது. சர்க்கரை கூடினால் ஒயினில் ஆல்கஹாலும் கூடும். முன்பு 12 சதவிகிதத்தை ஒட்டி இருந்தது, இப்போது 14-ஐத் தொடுவது சாதாரணமாகிவிட்டது. போர்தோவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தப் புத்துணர்வான சமநிலை மெல்ல நழுவுகிறது.

2009-ல் போர்தோவின் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் 52 வகைத் திராட்சைகளை ஒரே தோட்டத்தில் நட்டுக் கவனிக்க ஆரம்பித்தார்கள். 2021-ல் பிரெஞ்சு அரசு நிறுவனம் ஆறு புதிய வகைகளுக்கு அனுமதி கொடுத்தது. போர்ச்சுகலின் தூரிகா நாசியோனால், ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் பொதுவான அல்வாரினோ, ஆய்வாளர்கள் கலப்பின முறையில் உருவாக்கிய மார்சலான், அரினார்னோவா, லிலியோரிலா, உள்ளூரிலேயே மறக்கப்பட்ட காஸ்தே ஆகியவைதான் அந்த ஆறு. கட்டுப்பாடும் உண்டு. ஒரு விவசாயி தன் நிலத்தில் 5 சதவிகிதம் வரைதான் இவற்றை நடலாம். கலவையில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது.

எந்தத் திராட்சையை எங்கே நடலாம் என்பதைச் சட்டமே சொல்லும் நாடு பிரான்ஸ். அங்கே இது சின்ன விஷயம் இல்லை. 'வெளியூர்த் திராட்சையைச் சேர்த்தால் அது போர்தோவா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 'சேர்க்காவிட்டால் போர்தோவின் ருசியே மிஞ்சாது' என்று பதில் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

திராட்சைக்கொடி நட்டு மூன்று வருடம் கழித்துத்தான் ஒயினுக்கான காய்ப்பு வரும். அதன் பிறகு முப்பது, நாற்பது வருடங்கள் பலன் தரும். ஆக, இன்று குழி வெட்டும் போர்தோ விவசாயி, 2060-ன் வெயிலை ஊகித்துத்தான் கொடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கொடியின் பழத்தை அறுவடை செய்யப்போவது பெரும்பாலும் அவருடைய பிள்ளைகள்தான்!

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)