தாய்க்கும் உண்டு கைலூலா

ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிக் கோட்டைக்கு வரும் நம் குடும்பங்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சீயமங்கலம், தேசூர், வந்தவாசி என வடக்கேயுள்ள ஊர்களிலிருந்தும், திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலைகளின் வழியாகவும் வேன்களிலும் இருசக்கர வண்டிகளிலும் வந்து இறங்குகிறார்கள். தந்தை மூத்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ராஜகிரியில் ஏறுகிறார். தாய் அடிவாரத்து மரநிழலில் கைக்குழந்தையோடும் சோற்றுத் தூக்கோடும் அமர்ந்துவிடுகிறார். மாலையில் வீடு திரும்பியதும் மலையேறியவர் களைத்துப் படுத்துக்கொள்கிறார். நிழலில் "ஓய்வாக" அமர்ந்திருந்தவர் பாத்திரம் கழுவச் செல்கிறார். ஃபஜ்ருக்கு முன்பே எழுந்து அந்தச் சோற்றை ஆக்கியவரும் அவரே. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் குடும்பச் சுற்றுலா.

இப்படிப்பட்ட ஒரு தாய் என்றேனும் ஒருநாள் "என்னால் முடியவில்லை" என்று வாய்திறந்தால் நம் வீடுகளில் கிடைக்கும் பதில் என்ன? ஸப்ர் செய் என்கிறோம். ஏதேனும் ஓதிக்கொள் என்கிறோம். சற்றுத் துணிந்தவர்கள் ஈமான் பலவீனம் என்றே தீர்ப்பளித்துவிடுகிறார்கள். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் இந்தப் பதில் மார்க்கத்திற்கே பொருந்தாதது என்பதே நம் வாதம்.

அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் நிகழ்வை அறியாதவர் நம்மில் இல்லை. திரிகை அரைத்து அரைத்துக் கைகள் காய்த்துப்போன நிலையில், ஒரு பணியாளரைக் கேட்டுத் தம் தந்தையாரிடம் சென்றார்கள். அதற்குப் பதிலாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த தஸ்பீஹை நாம் ஒவ்வோர் இரவும் ஓதுகிறோம். 33, 33, 34. பயான்களில் இந்த வரலாறு பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடுகிறது: மகள் உதவி கேட்டார், தந்தை திக்ரைத் தந்தார், ஆகவே பெண்களே பொறுத்துக்கொள்ளுங்கள்!

ஹதீஸை முழுமையாக வாசியுங்கள். மகள் வந்து சென்ற செய்தி அறிந்ததும் அண்ணலார் இரவில் தாமே அந்த வீட்டிற்கு வந்தார்கள். "இதெல்லாம் ஒரு களைப்பா?" என்று கேட்கவில்லை. கணவர், மனைவி இருவருக்கும் நடுவே அமர்ந்தார்கள். ஓதும்படி சொன்னது இருவரிடமும். அரபு மூலத்தில் அது இருவரை நோக்கிய சொல்லாகவே உள்ளது. அலீ (ரலி) அவர்கள் பின்னாளில் அதை ஒருபோதும் விட்டதில்லை என்று தாமே கூறியிருக்கிறார்கள். மேலும் அது படுக்கைக்குச் செல்லும் நேரத்திற்குரிய திக்ர். இன்று நள்ளிரவு வரை அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் தஸ்பீஹை மட்டும் நினைவூட்டி, அவரைப் படுக்க விடாமல் வைத்திருப்பவர் எந்த ஹதீஸைப் பின்பற்றுகிறார்?

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 58ஆம் வசனத்தைப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், ஆடைகளைத் தளர்த்திக்கொள்ளும் நண்பகல், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது அது. இதை நாம் பெரும்பாலும் வெட்கத்தைப் பற்றிய பாடமாக மட்டுமே கற்பிக்கிறோம். அது உண்மைதான். ஆயினும் அந்த வசனம் காட்டும் வீட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே பெற்றோர் நண்பகலில் படுத்திருக்கிறார்கள், கதவு சாத்தியிருக்கிறது, பிள்ளைகள் வெளியே காத்திருக்கிறார்கள். கைலூலா என்னும் பகல் உறக்கத்தைக் கடை முதலாளிக்கும் ஹஜ்ரத்துக்கும் உரிய சுன்னத்தாக மட்டும் சுருக்கியது யார்?

"எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார், மன அழுத்தம் என்ற சொல்லையே அறியமாட்டார்" என்பார்கள். பாட்டியிடம் யாரேனும் கேட்டார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர் வாழ்ந்த வீட்டில் மாமியார், நாத்தனார், அண்டை வீட்டுக் கிழவி எனக் குழந்தையை வாங்கிக்கொள்ள நாலு கைகள் இருந்தன. இன்று இரண்டு அறை வாடகை வீட்டில், கணவர் கடையிலோ குவைத்திலோ இருக்க, ஒரே ஆள் சமையல், வீட்டுப்பாடம், மாமனாரின் மருந்து, பள்ளி வாட்ஸ்அப் குழு அனைத்தையும் சுமக்கிறார். சிலர் வேலைக்கும் செல்கிறார்கள்.

இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். 2019இல் இவை முறையே 299, 97. ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆண்கள் தம் பங்கிலும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இது நாடு முழுமைக்குமான கணக்கு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறியதை அறிந்த சமுதாயமேனும் இதில் வேறுபட்டு நிற்கவேண்டாமா?

தந்தையருக்கும் களைப்பு உண்டு. இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்துபவரின் வலியையோ, பிள்ளையின் முதல் நடையைக் கைப்பேசியில் பார்ப்பவரின் வலியையோ நாம் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தேநீர்க் கடை பெஞ்சு இருக்கிறது. இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நண்பர்கள் இருக்கிறார்கள். தாய்க்கு அப்படி ஓர் இடத்தைச் சொல்லுங்கள்.

களைப்பில் பாதி நாமே வரவழைத்துக்கொண்டது என்பதையும் சொல்லியாகவேண்டும். காலை மக்தப், பிறகு பள்ளி, மாலையில் டியூஷன், அதற்கு மேல் ஹிந்தி வகுப்பு, சனிக்கிழமை கராத்தே. பிள்ளை ஓடுகிறது, பின்னாலேயே தாய் ஓடுகிறார். ஸல்மான் அல் ஃபாரிஸீ (ரலி), தம் சகோதரராக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) இரவெல்லாம் நின்று வணங்க முற்பட்டபோது அவரைத் தடுத்து உறங்கவைத்தார்கள். இறைவனுக்கு உள்ள உரிமையைப் போல உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். அண்ணலாரும் அதை உண்மையென உறுதிசெய்தார்கள். வணக்கத்தின் பெயராலேயே உடலின் உரிமையைப் பறிக்கக்கூடாது என்றால், ஹிந்தி வகுப்பின் பெயரால் பறிக்கலாமா?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, கோட்டைக்குள் 1717-18இல் எழுந்த சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலின் படத்தைப் பெருமையோடு பகிர்ந்துகொண்டோம். பழைய பள்ளியின் பெருமை இருக்கட்டும். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணி நபி (ஸல்) தொழுகையைச் சுருக்கினார்கள். கைக்குழந்தையோடு தாய்மார்கள் அந்த வரிசைகளில் நின்றிருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நம் மஹல்லாக்களில் எத்தனை பள்ளிவாசல்களில் குழந்தையோடு வரும் பெண் அரைமணி நேரம் அமர இடம் இருக்கிறது? அடுத்த ஜும்ஆ பயானில் பெண்களின் ஸப்ரைப் பற்றிப் பேசவிருக்கும் ஹஜ்ரத் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கணவர்களிடம் அந்த 88 நிமிடங்களைப் பற்றியும் பேசுங்கள்.

ஓய்வு தந்தும் தீராத சோர்வு உண்டு. மகப்பேற்றுக்குப் பின் வாரக்கணக்கில் நீளும் அழுகை, உறக்கமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை நோயின் அறிகுறிகள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஓதிப்பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மறுப்பவர், தம் பொறுப்பில் உள்ள அமானிதத்திற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மற்றவர்கள் வரும் ஞாயிறே தொடங்கலாம். லுஹர் தொழுததும் பிள்ளைகளைக் கூடத்திற்கு அழைத்து வந்து, அந்த 58ஆம் வசனத்தின் பொருளை அவர்களுக்குச் சொல்லி, அறைக் கதவைத் தந்தையே சாத்தட்டும். அஸர் வரை யார் தட்டினாலும் அவரே எழுந்து வரட்டும். கோட்டைக்குப் போவதென்றால் சோற்றைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். மரநிழலில் இம்முறை தந்தை அமர்ந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். ராஜகிரியின் உச்சியிலிருந்து ஊர் எப்படித் தெரிகிறது என்பதைத் தாய் இறங்கி வந்து சொல்லட்டும்.