தாகத்தை அடக்காதீர்கள்



சித்திரை நடுப்பகுதியில் வடக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த வெயிலிலும் வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் நாட்கூலிக்கு நின்றுதான் பல சகோதரிகள் தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள்.

வேலைத்தலத்தில் மலசலகூடம் இல்லையென்பதால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இது ஆபத்தானது. உடலைக் குளிரவைப்பது வியர்வை. தண்ணீர் குறைந்தால் வியர்வை குறைந்து உடற்சூடு ஏறும். சிறுநீர்த் தொற்றும் வரலாம்.

தாகம் எடுக்குமுன்பே, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை தண்ணீர் குடியுங்கள். மோர், கஞ்சி, உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரும் நல்லவை. பிரஷர் உள்ளவர்கள் உப்பைத் தவிர்க்கவும். பாரமான வேலையைக் காலை 10 மணிக்கு முன் முடிக்கப் பாருங்கள். நனைத்த பருத்தித் துணியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கூட வேலை செய்பவருக்குப் பேச்சுத் தடுமாறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நிழலும் மலசலகூடமும் தனியாகக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதே. மாதர் சங்கத்தில் பேசி, ஐந்தாறு பேராகச் சேர்ந்துபோய்க் கேளுங்கள்.