பெயரில்லார் பிடித்த களவு

“பலர் கூடிக் கிறுக்குவது கல்வியாகாது, பெயர் சொல்லத் துணியாதவன் பேச்சை அறிஞர் சபையில் எடுக்கலாகாது” என்று அண்மையில் கற்றோர் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் முழங்கினார். ‘விக்கி’ என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் அவருக்கு மூண்ட சினம் அது. இருந்தோர் பலரும் தலையசைத்தனர். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று எழுதுகிறேன், அவர் கூற்று பிழையானது என்பதனாலன்று, அப்பிழை கற்றவர்களுக்கு மிகவும் வசதியானது என்பதனால்.

விக்கி என்பது யாது? படிப்பவர் எவரும் அவ்விடத்திலேயே எழுதவும் திருத்தவும் இடந்தருகின்ற கணினி ஏடு. முன்னர் எழுதியதும் பின்னர் திருத்தியதும் அதில் வரிசை வரிசையாகப் பதிந்து நிற்கும். எவரும் ஓசையின்றி ஒன்றை மாற்றிவிட்டு நழுவ இயலாது. வார்டு கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர் 1995-இல் இதனை முதன்முதல் அமைத்தார். ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு. கலைக்களஞ்சியம் தொகுக்க மட்டுமே இது உதவும் என்று எண்ணுவோர் 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்ததைச் சற்றுச் செவிமடுக்க வேண்டும்.

அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக அப்பொழுது விளங்கியவர் கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க். பிரபுக் குடும்பத்தவர், மக்களின் செல்லப்பிள்ளை. பைராய்ட் பல்கலைக்கழகம் 2007-இல் அவருக்குச் சட்டத்துறையில் மிக உயர்ந்த தகுதியோடு டாக்டர் பட்டம் வழங்கியிருந்தது. அவருடைய ஆய்வேடு 2009-இல் நூலாயிற்று. அந்நூலுக்கு மதிப்புரை எழுத அமர்ந்த பிரேமன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் ஃபிஷர்-லெஸ்கானோ, பிறர் எழுத்துகள் பெயர் சுட்டாமல் அதில் கலந்து கிடப்பதைக் கண்டார். 2011 பிப்ரவரி 16 அன்று செய்தி நாளேட்டில் வந்தது. அமைச்சரோ குற்றச்சாட்டு அபத்தம் என்று உதறினார்.

இனி நடந்ததே நம் பொருள். மறுநாளே முன்பின் அறியாதவர்கள் ஒன்றுகூடினர். முதலில் எல்லாரும் எழுதும் பொது ஆவணம் ஒன்றில் தொடங்கினர்; வந்து குவிந்த கூட்டத்தை அது தாங்கவில்லை. உடனே விக்கிக்கு மாறினர். அதற்கு ‘குட்டன்பிளாக்’ என்று பெயர். ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் விக்கியில் ஒரு பக்கம் ஒதுக்கினர். ஒருபுறம் அமைச்சரின் வரிகள். எதிரே அவ்வரிகள் எடுக்கப்பட்ட மூலம், நூற்பெயரும் பக்க எண்ணுமாக. ஒருவர் பத்து வரி கண்டுபிடித்தால் மற்றொருவர் அதைச் சரிபார்ப்பார், பிழையென்றால் நீக்குவார், நீக்கிய காரணத்தையும் எழுதுவார். கண்டவற்றைக் கோடுகள் நிறைந்த படமாகவும் தீட்டினர்: தூய பக்கம் வெண்மை, களவுடைய பக்கம் கறுப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களிலிருந்து எடுத்தது சிவப்பு. அந்தப் படத்தில் வெண்மையைத் தேடத்தான் வேண்டியிருந்தது! 2011 ஏப்ரல் வரையிலான கணக்கின்படி 393 பக்கங்களுள் 371-இல் களவு; மூலங்கள் 135. முகவுரையின் தொடக்கமே 1997-ஆம் ஆண்டு நாளேட்டுக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்தது. முகவுரையைக் கூடவா ஒருவர் கடன் வாங்குவார்?

‘பில்ட்’ நாளிதழ் அமைச்சரைத் தாங்கிப் பிடித்தது. தாம் நியமித்தது ஆராய்ச்சி உதவியாளரை அல்லவே என்னும் கருத்துப்பட அரசுத் தலைவி மெர்க்கெல் பேசினார். ஆய்வு மாணவர் பல்லாயிரவர் அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினர். பிப்ரவரி 23-இல் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. மார்ச் முதல் நாள் அமைச்சர் பதவி துறந்தார். மே மாதத்தில் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழுவே, அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று முடிவு கூறிற்று.

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். பெயரற்றவன் சாட்சி செல்லாது என்பது மெய்தான். அரபுக் கல்வியில் அறிவிப்பாளன் இன்னாரென்று தெரியாவிடில் அவன் அறிவிப்பைத் தள்ளிவைக்கும் மரபை நானும் ஓதியவனே; மாணவர்க்கு ஓதிக்கொடுப்பவனே. ஆனால் ‘நான் கேட்டேன், என்னை நம்பு’ என்பவனுக்குரிய சட்டம் அது. ‘இதோ நூல், இதோ பக்கம், நீயே பார்’ என்பவன் தன் நாணயத்தைப் பிணையாக வைக்கவில்லையே! அவன் செய்வது சாட்சியமன்று, முகாபலா. ஏட்டுச்சுவடிகளை மூலத்தோடு ஒத்துப் பார்த்து, ‘இதுவரை ஒத்துப் பார்த்தாயிற்று’ என்று ஓரத்தில் குறிப்பெழுதிய பழங்காலத்துக் கரங்களில் எத்தனைக்கு இன்று பெயர் தெரியும்? பெயர் தெரியாததனால் அக்குறிப்புகளைச் சுரண்டி எறிந்தோமா?

மற்றொன்றும் கேட்கிறேன். அந்த ஆய்வேட்டைப் படித்து உச்சத் தகுதி வழங்கிய பேராசிரியர்களுக்குப் பெயர் இருந்தது, பதவி இருந்தது, முத்திரை இருந்தது. 371 பக்கங்களுள் ஒன்றுகூடவா அவர்கள் கண்ணில் தைக்கவில்லை?

பெயர் மறைவில் பகை தீர்ப்போரும் புகுவர் என்பதை நான் மறுக்கவில்லை. பொதுச் சொற்றொடர் ஒன்றைக் களவென்று கூவுவோரும் உண்டு. இதனையறிந்தே, பின்னர் அதே ஆண்டில் தோன்றிய ‘வ்ரோனிபிளாக்’ விக்கியினர், ஒருவர் கண்டதை இன்னொருவர் ஒத்துப் பார்த்த பின்பே கணக்கில் சேர்ப்பது என்று விதி வகுத்தனர். ஐரோப்பிய நாடாளுமன்றத் துணைத் தலைவர்களுள் ஒருவராயிருந்த சில்வானா கோக்-மெரின், 2011 ஜூனில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பட்டத்தை இழந்தார். பிறகு அவர்கள் அரசியலாரோடு நிற்கவில்லை. மருத்துவத்துறை ஆய்வேடுகள் பலவற்றையும் புரட்டினர். பேராசிரியர்களின் ஏடுகளும் தப்பவில்லை. கற்றோர் சபைகளில் விக்கியின்மீது சினம் மூளுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!

பெயரை ஏன் மறைக்கிறார்கள் என்பார் நண்பர். மேலிருப்பவரின் களவைச் சொன்ன இளம் ஆய்வாளனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் வேலை தரும் என்பதை அவரே சொல்லட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்நூலையும் அதன் மூலங்களையும் எடுத்துவரட்டும். அப்பெயரில்லாதவர்கள் சுட்டிய பக்கங்களுள் பாதியையேனும் பொய்யென்று காட்டட்டும். அன்றே நானும் அவர் பக்கத்து வரிசையில் போய் அமர்ந்துகொள்கிறேன்.