கடைசிப் பெயருக்கும் ஒரு கோப்பை

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மணி காலை எட்டு. நாம் இங்கே வேலைக்கும் பள்ளிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வியாழன் இரவு எட்டு மணி. அங்கே பல வீடுகளின் வரவேற்பறையில் சொந்தபந்தம் கூடியிருக்கும். தொலைக்காட்சி ஓடும், சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். நடுவில் இருபத்தோரு வயதோ இருபத்திரண்டு வயதோ ஆன ஓர் இளைஞர் கைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் டிராஃப்ட். கல்லூரிகளில் காற்பந்து ஆடும் இளைஞர்களை, என்எஃப்எல் எனப்படும் தொழில்முறை லீக்கின் 32 அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி. காற்பந்து என்றதும் நம் ஊர்த் திடலை நினைக்காதீர்கள். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் காற்பந்து. அந்த விளையாட்டின் விதிகள் தெரியாதவர்கள்கூட இந்த மூன்று நாள் நிகழ்ச்சியைப் பார்க்கலாம். ஏனென்றால் இது பந்தைப் பற்றியது மட்டுமில்லை. ஒரு பிள்ளைக்கு ஊரறிய ஓர் எண்ணைக் கொடுத்தால், பிறகு அந்த எண் அவனை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது.

முறை எளிது. முந்தைய பருவத்தில் ஆக மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும். வெற்றிக்கோப்பை வென்ற அணி கடைசியில் வரும். பலவீனமான அணி மேலே வரட்டும் என்ற நல்லெண்ணம். மொத்தம் ஏழு சுற்று, 250 சொச்சம் பெயர்கள். ஓர் ஆண்டில் தேர்வுக்குத் தகுதி பெறும் கல்லூரி ஆட்டக்காரர்களோ ஏறக்குறைய 16,000 பேர். நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இடமில்லை.

அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்க, பிப்ரவரி கடைசியிலேயே ஓட்டம் தொடங்கிவிடும். 1987 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் நடக்கும் 'கம்பைன்' என்ற சோதனை முகாமுக்கு முந்நூறு பேருக்கு மேல் அழைக்கப்படுகிறார்கள். உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளக்கப்படும். 40 கெஜ ஓட்டம், அதாவது சுமார் 36 மீட்டர், நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படும். நின்ற இடத்தில் எவ்வளவு குதிக்கிறார், 102 கிலோ பாரத்தைப் படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறார், பழைய காயம் எது, குடும்பம் எப்படி, எல்லாம் கேட்பார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகும் நம் பெரியம்மாக்களே இவர்களிடம் பாடம் கற்கலாம்.

இவ்வளவு அளந்த பிறகாவது சரியாகச் சொல்கிறார்களா? ஒரே அணியில் சேர்ந்த இருவரின் கதையைச் சொல்கிறேன்.

2021ஆம் ஆண்டு. சான் பிரான்சிஸ்கோ 49ers அணிக்கு ஒரு குவாட்டர்பேக் தேவைப்பட்டார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆள். படகுக்குச் சுக்கான் போல. அதற்காக அந்த அணி தன் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை மயாமி அணிக்குக் கொடுத்து, வரிசையில் மூன்றாம் இடத்தை வாங்கியது. எடுத்த இளைஞர் டிரே லான்ஸ். வயது இருபது. நல்ல உயரம், வலுவான கை, வேகமான கால். ஆனால் கல்லூரியில் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 17 ஆட்டங்களில் மட்டுமே. கோவிட் வந்த 2020இல் ஒரே ஓர் ஆட்டம். நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம், முழுவதும் உத்தரவாதத்தோடு.

அடுத்த ஆண்டு, 2022. அதே அணி, டிராஃப்டின் ஆகக் கடைசிப் பெயராக, 262ஆவதாக, ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புரோக் பர்டியை எடுத்தது. நான்கு ஆண்டுகள் கல்லூரி அணியை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் அளவுநாடாவுக்கு அனுபவம் தெரியாதே. உயரம் அப்படியொன்றும் இல்லை, எறியும் வேகமும் வாய் பிளக்கவைக்கும் ரகம் இல்லை என்று எல்லா அணியும் தாண்டிப் போயிருந்தன.

கடைசிப் பெயருக்கு அமெரிக்காவில் ஒரு பட்டமே உண்டு: 'மிஸ்டர் இர்ரெலவண்ட்'. நம் பேச்சில் சொன்னால், 'கணக்கிலேயே வராத ஐயா'. 1976 முதல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில் அந்த ஆளை அழைத்து விருந்து வைத்து ஒரு கோப்பையும் தருகிறார்கள். கல்லூரிக் காற்பந்தின் உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பையில் வீரர் பந்தை இறுக அணைத்திருப்பார். இந்தக் கோப்பையில் உள்ளவர் பந்தை நழுவவிட்டுக்கொண்டிருப்பார். தொடங்கியவர்களுக்குக் கடைசி ஆளையும் கொண்டாட வேண்டும் என்ற நல்ல மனம்தான். ஆனாலும் அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டு சிரிக்க ஒரு மன உறுதி வேண்டும்.

2022 செப்டம்பரில், பருவத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே லான்ஸின் கணுக்கால் முறிந்தது. அடுத்து இறங்கிய அனுபவசாலி ஜிம்மி கரோப்போலோவுக்கு டிசம்பரில் பாதம் முறிந்தது. வேறு ஆள் இல்லை. பர்டி இறங்கினார், அணி வென்றது. அடுத்தடுத்தும் வென்றது. 2024 பிப்ரவரியில் அந்த அணியை சூப்பர் பவுல் இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றவர் அந்தக் கணக்கில் வராத ஐயாதான். அந்தப் பருவத்தில் அவருடைய அடிப்படைச் சம்பளம் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர். புதிதாகச் சேர்ந்தவர் மூன்று பருவம் முடியும்வரை ஒப்பந்தத்தை மாற்றிப் பேசக்கூடாது என்பது விதி. பொறுத்திருந்தார். 2025 மே மாதம் ஐந்தாண்டுக்கு 26 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் வந்தது. லான்ஸோ 2023 ஆகஸ்டிலேயே ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு ஈடாக டாலஸ் அணிக்கு மாற்றப்பட்டிருந்தார்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, "பார்த்தீர்களா, முயற்சி திருவினையாக்கும்!" என்று முடித்துவிடலாம். மேடைப் பேச்சுக்கு அது போதும். ஆனால் பர்டியிடம் முயற்சி முதல் நாளிலிருந்தே இருந்தது. அவர் முகம் வெளியே தெரிவதற்கு இரண்டு பேரின் எலும்பு முறிய வேண்டியிருந்தது.

டாம் பிரேடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு 199ஆவது பெயர். 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடியவர். அந்த முகாமில் அது ஆமை வேகம். 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து அணியின் முதன்மை ஆட்டக்காரர் டிரூ பிளெட்சோ பலமாக அடிபட்டதால்தான் பிரேடிக்கு நிரந்தர இடம் கிடைத்தது. பிறகு ஏழு சூப்பர் பவுல் வெற்றிகள். கர்ட் வார்னரை 1994இல் யாருமே எடுக்கவில்லை. ஐயோவாவில் ஒரு பேரங்காடியில் இரவு நேரம் அலமாரிகளில் பொருள் அடுக்கினார். 1999இல் ராம்ஸ் அணியின் முதன்மை ஆட்டக்காரருக்கு முழங்கால் போனதும் இவர் இறங்கினார். அந்தப் பருவமே சூப்பர் பவுல் வென்றார்.

மூன்று கதையிலும் ஒரே திருப்பம். மேலே இருந்த ஆள் விழுந்ததால் கதவு திறந்தது. அப்படியானால், கதவு திறக்காமலே ஊர் திரும்பிய பிரேடிகள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றிப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

முதல் சுற்றில் வருகிறவர்கள் சராசரியில் நன்றாகவே ஆடுகிறார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் அதில் எவ்வளவு திறமை, எவ்வளவு வாய்ப்பு என்று பிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1995இல் பேரி ஸ்டா, ஹா ஹோவாங் என்ற இரு ஆய்வாளர்கள் என்பிஏ கூடைப்பந்து டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஒரே அளவு திறமையாக ஆடும் இருவரில், முன்னதாக எடுக்கப்பட்டவருக்கே கூடுதல் நேரம் களத்தில் கிடைத்தது. அணியிலும் அவரே நீண்ட நாள் இருந்தார். காரணம் நமக்குத் தெரியாததல்ல. அதிக விலை கொடுத்து வாங்கிய சேலையை, சாயம் போனாலும் தூக்கி எறிய மனம் வருமா?

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், கேட் மாசியுடன் சேர்ந்து என்எஃப்எல் டிராஃப்டையே ஆராய்ந்தார். ஒரே நிலையில் ஆடும் இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் தமக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் தேவலாம், அவ்வளவே. ஆனாலும் ஒவ்வோர் அணியும் தன் கண் மட்டும் தப்பாது என்று நம்பி, மேல் இடங்களுக்கு அள்ளிக் கொடுக்கிறது.

நான் புரிந்துகொண்டது இதுதான். டிராஃப்ட் எண் ஒருவர் எவ்வளவு நல்லவர் என்று சொல்வதைவிட, அவர் எத்தனை முறை தவறலாம் என்று சொல்கிறது. மூன்றாவதாக வந்தவருக்குக் காத்திருப்பார்கள். 262ஆவதாக வந்தவருக்கு ஒரு மாலைப்பொழுது. அதில் சறுக்கினால் ஆகஸ்டு கடைசியில் அணியை 53 பேராகக் குறைக்கும்போது பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தச் சூதாட்டத்தில் பிள்ளையை உட்காரவைக்கும் முடிவு ஜனவரியில் வீட்டில் எடுக்கப்படுகிறது. உயர்நிலைப்பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆனால் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாம். படிப்பு முடியாதவர்கள் லீக்கின் ஆலோசனைக் குழுவிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்கலாம். வரும் பதில் மூன்றில் ஒன்று: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இரண்டுமில்லை. மூன்றாவது பதிலின் பொருள், 'கல்லூரியிலேயே இருப்பா' என்பது. அந்தப் பதிலை வாங்கிய பிறகும் பெயர் கொடுப்பவர்கள் உண்டு. வீட்டில் கடன் இருக்கலாம், அம்மா இரண்டு வேலை பார்க்கலாம், முழங்கால் இன்னோர் ஆண்டு தாங்குமா என்ற பயம் இருக்கலாம். நோட்டர் டேமில் ஆடிய ஜேலன் ஸ்மித், 2016 ஜனவரி முதல் நாள் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் முழங்கால் நரம்பு வரை சிதைந்து, முதல் சில பெயர்களில் ஒன்றாக வர வேண்டியவர் இரண்டாம் சுற்றுக்கு இறங்கியதை எல்லாரும் பார்த்தார்களே.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். கடைசிச் சுற்றுகளில் போகக்கூடிய ஒரு பையன், அவசரப்படாமல் இன்னோர் ஆண்டு படித்துக்கொண்டே ஆடலாம். அந்த ஓர் ஆண்டு மூச்சு பல குடும்பங்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனாலும் காத்திருக்கும் இரவை யாராலும் மாற்ற முடியவில்லை. 2005இல் ஏரன் ரோஜர்ஸ், முதல் ஆளாகவே வரலாம் என்று பேசப்பட்டவர், நியூயார்க் அரங்கின் பின்னறையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, கேமரா இவர் முகத்தை விட்டு நகரவில்லை. 24ஆவதாக அழைக்கப்பட்டார். பிறகு நான்கு முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2025இல் ஷடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றில் வருவார் என்று பலரும் சொன்னார்கள். மூன்றாம் நாள், 144ஆவதாகத்தான் வந்தார். இடையில் அவர் கைபேசி ஒருமுறை அடித்தது. ஓர் அணியின் மேலாளர் பேசுவதாகச் சொன்ன குரல், இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லி வைத்துவிட்டது. அட்லாண்டா அணிப் பயிற்றுநர் ஒருவரின் மகன் செய்த குறும்பு அது. லீக் அந்த அணிக்கு இரண்டரை லட்சம் டாலரும் பயிற்றுநருக்கு ஒரு லட்சம் டாலரும் அபராதம் போட்டது. பல நாளாக அந்த அழைப்புக்குக் காத்திருந்த வீட்டில் அந்த ஒரு நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அபராதப் பட்டியலில் இடமில்லை.

நம் வீடுகளிலும் தேர்வு முடிவு வரும் காலை உண்டு. "எத்தனை ஏ?" என்று கேட்க மாமா அழைப்பார், அத்தை அழைப்பார், பக்கத்து வீட்டு ஆன்டி வாசலுக்கே வருவார். கேட்பதில் தப்பில்லை, அக்கறைதான். நல்ல எண் வந்த பிள்ளைக்கு இனி சறுக்கினாலும் நாம் பொறுத்துக்கொள்வோம். "புத்திசாலிப் பிள்ளை, ஏதோ நேரம்" என்போம். குறைந்த எண் வந்த பிள்ளை அதே சறுக்கல் சறுக்கினால், "அப்பவே தெரியும்" என்போம். ஒரே தவறுக்கு இரண்டு தீர்ப்பு.

அணி உரிமையாளர்களுக்கு அது வியாபாரம். எல்லாருக்கும் இரண்டாம் வாய்ப்புக் கொடுக்க அவர்களிடம் இடம் இல்லை. வீட்டில் இடம் இருக்கிறது. இந்த ஆண்டு உங்கள் வீட்டுக் கடைசிப் பெயர் யாரோ, அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஓர் ஆட்டம் கொடுத்துப் பாருங்கள். யாருக்கும் கால் முறியும்வரை காத்திருக்க வேண்டாம்.