ஆள் மாறினால் ஆட்டம் மாறுமா?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் செல்லும் காலை நேர மின்தொடர் வண்டியில், சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்த இளைஞர்கள் ஏறுவார்கள். விரல் இடுக்குகளில் கழுவியும் போகாத கரி, கண்களில் உறக்கம். ஆயினும் பேச்சு மட்டும் உறங்குவதில்லை. கவரைப்பேட்டையில் தொடங்கும் விவாதம் எண்ணூர் தாண்டியும் ஓயாது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளர் நீடிக்கலாமா, செல்சியில் அடுத்து வரவேண்டியவர் யார், ரியல் மாட்ரிட் செய்தது சரியா என்று கிளை பிரிந்து செல்லும் வாதங்கள் யாவும் இறுதியில் ஒரே சொல்லில் வந்து நிற்கும்: "தூக்கணும்."

இதை வேலையற்ற பேச்சென்று ஒதுக்கும் நண்பர்கள் நமக்குண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சிறுபத்திரிகையின் ஆசிரியர் மாறினால் அதன் குரல் மாறுமா என்று நாம் இரவெல்லாம் வாதிடவில்லையா? அவர்களுடையதும் அத்தகைய ரசனை விவாதமே. நம்மை உறுத்துவது அந்த ஒற்றைச் சொல்தான்.

முதலில் ஆட்டத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1986 நவம்பரில் யுனைடெட்டின் பொறுப்பேற்ற அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு முதல் கோப்பை கிட்டியது 1990இல். முதல் லீக் பட்டம் 1993இல். 2013இல் அவர் ஓய்வு பெறும்போது லீக் பட்டங்கள் 13. அதன் பிறகு, 2013க்கும் 2024க்கும் இடையே மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என ஆறு பேர் அந்த நாற்காலிக்கு நிரந்தரமாக என்று அழைத்துவரப்பட்டார்கள். லீக் பட்டம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

வென்றவர்களும் தப்புவதில்லை. 2003இல் ரியல் மாட்ரிட்டுக்கு லீக் பட்டம் வென்று தந்த மறுநாளே தெல் போஸ்கேக்கு விடைகொடுக்கப்பட்டது. 2012 மே மாதம் செல்சிக்கு முதன்முதலாக சாம்பியன்ஸ் லீக் கோப்பையைப் பெற்றுத் தந்த டி மத்தேயோ, நவம்பரில் வெளியேற்றப்பட்டார். 2016இல் லெஸ்டர் என்னும் எளிய அணியை இங்கிலாந்தின் முதலிடத்துக்கு உயர்த்திய ரனியேரிக்கு ஓராண்டுகூடத் தரப்படவில்லை. 2017 பிப்ரவரியில் அவரும் போனார்.

மாற்றியதால் பயனுண்டா என்பதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான அந்நாட்டு லீக் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சரிவின்போது பயிற்சியாளரை நீக்கிய அணிகள் சில வாரங்களில் மீண்டன. ஆனால் அதேபோலச் சரிந்தும் பயிற்சியாளரை நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதேபோல மீண்டிருந்தன. காய்ச்சல் தானே தணியும் வேளையில் கட்டிய தாயத்துக்குப் புகழ் சேர்வது போன்றது இது.

நம் ஊர்க் கதையும் வேறில்லை. சென்னையின் எஃப்.சி. 2014இல் தொடங்கியது, மாட்டெராசியின் கீழ் 2015இலும், ஜான் கிரிகரியின் கீழ் 2018இலும் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. கோப்பை வென்ற அதே கிரிகரியின் அணி அடுத்த பருவத்தில் பட்டியலின் கடைசியில் நின்றது. 2019 நவம்பரில் அவர் விலக, டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். தடுமாறிக்கொண்டிருந்த அணி 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை சென்றது. ஆள் மாறினால் ஆட்டம் மாறும் என்பதற்கு இது சான்றல்லவா என்று அந்த இளைஞர்களில் ஒருவர் நம்மை மடக்கினார். சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கு முடியவில்லை. அவருக்குப்பின் லாஸ்லோ, பாண்டோவிச், பிரதாரிச் என ஆண்டுக்கொருவர் வந்து போயினர். 2023இல் அதே காயில் மீண்டும் அழைக்கப்பட்டார். முதல் பருவத்தில் ஆறாமிடம். அடுத்த பருவத்தில் அணி பட்டியலின் கீழ்ப்பகுதிக்கு இறங்கியது. மனிதர் அவரே, விளைவு வேறு. 2025 ஜூலையிலோ, லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கு எந்தப் பயிற்சியாளரை மாற்றுவது?

வள்ளுவர் இதைப் பற்றி இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்: தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பிப் பொறுப்பளித்த பின் அவரைச் சந்தேகிப்பதும் நீங்காத் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த அறிவுரை பொருட்பாலில் அரசியலில் இருக்கிறது என்பது. அது வேலைக்கு வந்தவனை நோக்கிச் சொல்லப்படவில்லை. வேலை கொடுப்பவனை நோக்கிச் சொல்லப்படுகிறது. தேர்வு பிழையென்றால் முதற்பிழை தேர்ந்தவனுடையது.

கால்பந்து உலகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்த யுனைடெட் நிர்வாகம், அக்டோபரில் அவரை நீக்கியது. அவருக்கும் உதவியாளர்களுக்குமாக ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் செலவானது. அதே ஆண்டில் சிக்கனம் என்று கூறி அந்தக் கழகம் சுமார் 250 ஊழியர்களின் பணியிடங்களைக் குறைத்தது. அலுவலகத்திலும் மைதானத்திலும் வேலை பார்த்த அவர்கள் எந்தக் கோலையும் தவறவிட்டவர்கள் அல்லர். டென் ஹாக் பெற்ற இழப்பீட்டை நம் ரயில் நண்பர்கள் இலக்கம் பிசகாமல் சொன்னார்கள். அந்த 250 பேரைப் பற்றிக் கேட்டபோது பெட்டியில் சற்று அமைதி நிலவியது.

அப்போதுதான் நம்மிடம் முன்பு தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் தம் கதையைச் சொன்னார். அவர் வேலை செய்யும் ஆலையில் ஆட்களை அனுப்பும் காண்ட்ராக்டர் மாறியிருக்கிறார். வேலை அதே வேலை, இடம் அதே இடம்; ஆனால் நான்காண்டுகள் உழைத்தவரின் பெயர் பதிவேட்டில் புதிய ஆளாக ஏறியது. ஐந்தாண்டு நிறைவில் கிடைக்கவேண்டிய பணிக்கொடையின் கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கியது. காரணம் கேட்க ஆளில்லை. சூப்பர்வைசரும் மாறினாராமே, உற்பத்தி கூடியதா என்று கேட்டோம். சிரித்தார். "ஆளு மாறினா இன்னா ஐயா, மிஷினு அதேதானே."

நாம் இவ்வளவு நேரம் எழுதிய அனைத்தையும் அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆயினும் சனிக்கிழமை இரவு மொபைல் திரையின் முன் அமர்ந்ததும் அவரே "தூக்கணும்" என்கிறார். எந்நேரமும் தூக்கப்படக்கூடிய ஒருவர், தொண்ணூறு நிமிடங்களுக்கு முதலாளியின் இருக்கையில் அமர்ந்து பார்க்கிறார். அந்த இருக்கையின் சுகம் நமக்குப் புரிகிறது. அந்தச் சுகத்தில் நாம் முதலாளியின் மொழியையும் பேசக் கற்றுவிடுகிறோம் என்பதே நம் கவலை.

நாமும் விலக்கல்ல. தேர்ச்சி விழுக்காடு குறைந்த ஆண்டில், கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் பணி நீட்டிக்கப்படாதபோது, ஆசிரியர் அறையில் தலையசைத்தவர்களுள் நாமும் இருந்தோம். வகுப்பில் எத்தனை மாணவர்கள், நூலகத்தில் பாடநூல் எத்தனை படி என்று அன்று எவரும் கேட்கவில்லை. அவரை மாற்றுவது எளிதாக இருந்தது, ஆகவே மாற்றினார்கள்.

அப்படியானால் எவரையும் எக்காலத்தும் மாற்றவே கூடாதா? அவ்வாறு சொல்லவில்லை. தகுதியற்றவர் விலகத்தான் வேண்டும். காயில் முதன்முறை வந்தபோது நேர்ந்ததுபோல் மாற்றம் பலன் தருவதும் உண்டு. நாம் வேண்டுவது, "தூக்கணும்" என்பதற்கு முன் சில கேள்விகள். தேர்ந்தவர் யார்? கேட்ட ஆட்டக்காரர்களைக் கொடுத்தார்களா? எத்தனை காலம் தந்தார்கள்? இதற்குமுன் நீக்கியபோது என்ன மாறிற்று? இக்கேள்விகளைக் கால்பந்தில் கேட்டுப் பழகியவர், ஒருநாள் ஆலையின் வாசலிலும் கேட்கக்கூடும்.

கொருக்குப்பேட்டையில் அம்மாணவர் இறங்கும்போது, அடுத்த வாரம் யுனைடெட் தோற்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். சற்று யோசித்து, "தூக்கணும்னுதான் சொல்வேன் ஐயா. ஆனா யாரைன்னு யோசிச்சிட்டு சொல்றேன்" என்றார்.