சீனாக்காரன் கொடுப்பது உதவியா, கடனா?

சீனா ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் காசைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மாட்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்குச் சீனா கந்துவட்டிக்காரன். இன்னொரு கட்சிக்கு, வெள்ளைக்காரன் நூறு வருஷமாகச் செய்யாததைச் செய்து காட்டிய தோழன். எனக்கு ரெண்டிலும் ஒட்டவில்லை.

முதல் கட்சி உடனே அம்பாந்தோட்டையைக் கொண்டுவரும், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 2017ல் துறைமுகத்தின் பெரும்பங்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனது உண்மை. ஆனா கடனுக்குப் பதிலாகப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது சரியில்லை. குத்தகையில் வந்த 112 கோடி டாலர் இலங்கையின் அன்னியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் ரத்தாகவில்லை, அப்படியே இருந்தது.

இந்த விஷயம் புரிய வேண்டுமென்றால் சாம்பியாவைப் பார்க்கணும். ஒரே நாடு, ஒரே சீனா, ரெண்டு காலம்.

1965ல் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்ததும், கடற்கரையே இல்லாத சாம்பியாவின் செம்பு தெற்கு வழியாகப் போவது சிக்கலானது. கிழக்கே தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்கு ஒரு ரயில் பாதை வேண்டும். உலக வங்கி கட்டுப்படியாகாது என்றது, மேற்கு நாடுகள் கையை விரித்தன. கடைசியில் நியரேரேவும் கவுண்டாவும் பீஜிங் பக்கம் திரும்பினார்கள். 1967ல் ஒப்பந்தம், 1970ல் வேலை ஆரம்பம், 1975ல் 1860 கி.மீ. தண்டவாளம் போட்டு முடித்தாயிற்று. தசாரா என்று பெயர் (நம்ம தசரா இல்லீங்க :)). கடன் 98.8 கோடி யுவான். வட்டி கிடையாது, 30 வருஷத் தவணை. அப்போ சீனாவே பரம ஏழை. சொந்த ஊர்க்காரனுக்கே அரிசியும் துணியும் கூப்பனில்தான். அறுபதுக்கும் மேற்பட்ட சீனர்கள் அந்த வேலையில் செத்துப் போனார்கள்.

தர்மம் என்று சொல்லவரவில்லை. 1971ல் ஐ.நா.வில் தைவானை வெளியேற்றிவிட்டுச் சீனா உள்ளே வந்ததற்கு ஆப்பிரிக்க ஓட்டுகள் ரொம்ப உதவின. இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. கூலி மாதிரி உள்ளூர்ச் செலவுகளுக்குக் காசாகக் கொடுக்காமல் சீனச் சரக்குகளைக் கடனுக்கு அனுப்பினார்கள். அதைக் கடைகளில் விற்று வந்த பணத்தில்தான் கூலி. ரயில் வருவதற்கு முன்னாலேயே சீனச் சாமான் கடைக்கு வந்துவிட்டது! இருந்தாலும் வட்டி இல்லை, 30 வருஷம் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு.

இப்போ ரெண்டாவது காலம். 2010களில் சாலை, விமான நிலையம், அணை என்று சாம்பியா வாங்கித் தள்ளியது. இந்த முறை எக்சிம் வங்கி மாதிரி சீன அரசு வங்கிகள், வட்டியோடு. எக்சிம் வங்கியின் சலுகைக் கடன் என்றால் பாதிச் சரக்காவது சீனாவில் வாங்கணும். பல கடன்களில் பணம் கடன் வாங்கிய நாட்டுக்கு வருவதே இல்லை, பீஜிங்கிலிருந்து நேராகச் சீனக் காண்டிராக்டர் கணக்குக்குப் போய்விடும். 2020 நவம்பரில் சாம்பியா தவணை தவறியது. தவணையைத் தள்ளிவைக்கப் பத்திரக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சீனாவுக்கு எவ்வளவு பாக்கி என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2021ல் ஆட்சி மாறியபிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: சுமார் 660 கோடி டாலர். முந்தைய அரசு ஒத்துக்கொண்டதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு!

வகுப்பில் கூடப் படிக்கும் சாம்பியா நண்பரிடம் இதைக் கேட்டேன். அவருக்குச் சீனாக்காரன் மேல் கோபமே இல்லை. ரோடு நல்லா இருக்கு என்கிறார். கடன் வாங்கியது எவ்வளவு என்பதை இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே, அதுதான் அவருக்கு அவமானமாக இருக்கிறதாம்.

இது சாம்பியாவோடு நிற்கவில்லை. 24 நாடுகளின் 100 சீனக் கடன் ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2021ல் ஓர் அறிக்கை வந்தது. அதில் 2014க்குப் பிறகு சீன அரசு நிறுவனங்கள் போட்ட ஒப்பந்தங்களில் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் ரகசியக் காப்பு விதி இருந்தது. கென்யாவில் மொம்பாசா - நைரோபி ரயில் 2017லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. கடன் ஒப்பந்தம் மக்கள் கண்ணில் பட்டது 2022 நவம்பரில், அதுவும் ஆட்சி மாறியதால்.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். நான் படிக்கும் இந்த இங்கிலாந்து, மலேசியாவின் பெர்காவ் அணைக்கு 23.4 கோடி பவுண்டு உதவி என்று கொடுத்தது. பின்னால் ஆயுத வியாபாரம் இருந்தது. ஆனா இந்த நாட்டுத் தணிக்கைத் துறை அதைத் தோண்டியது, ஒரு தொண்டு அமைப்பு வழக்குப் போட்டது, 1994ல் லண்டன் நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. கணக்கு வெளியே வந்ததால்தான் வழக்கே போட முடிந்தது. ஒப்பந்தமே கையில் இல்லாத சாம்பியாக்காரன் எதைக் காட்டி வழக்குப் போடுவான்?

சீனாவை மட்டும் திட்டுவதில் எனக்கு அதனால்தான் இஷ்டமில்லை. ரகசிய விதி கடன் கொடுத்தவனுக்கு எவ்வளவு வசதியோ, அதைவிடக் கையெழுத்துப் போட்ட உள்ளூர் மந்திரிக்கு வசதி. கடன் வாங்கும் நாட்டின் நாடாளுமன்றத்தில் வைக்காத ஒப்பந்தம் செல்லாது என்று அந்தந்த நாடே சட்டம் போடணும். அப்படிக் கேட்டால் சீனா கொடுக்காமல் போய்விடும் என்கிறார்கள். போகட்டுமே. அதே தசாராவைப் பழுதுபார்த்து 30 வருஷம் நடத்த, 140 கோடி டாலர் போடுவதாக ஒரு சீன அரசு நிறுவனம் 2025ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. செம்பு வேண்டியது அவர்களுக்கும்தானே.