இரு பாதமும் ஒரு மட்டம்

கணுக்கால் எலும்பில் விரிசல், பாத எலும்பில் முறிவு, குதிகாலின் பின்புறத் தசைநாணில் கிழிசல், நீரிழிவினால் உள்ளங்காலில் ஆறாத புண் எனக் காலுக்கு வரும் துன்பங்கள் பல. இவற்றுள் எது வந்தாலும், மாவுக்கட்டுக்குப் பதிலாகவோ, மாவுக்கட்டைப் பிரித்த பின்னரோ, கனத்த மருத்துவக் காலணி ஒன்றை மருத்துவர் அணிவிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. மருத்துவமனைகளில் இதனை ‘வாக்கிங் பூட்’ என்பார்கள். இரு பக்கமும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு, உள்ளே மெத்தை, மேலே இழுத்து ஒட்டும் பட்டைகள், கீழே படகின் அடிபோல் சற்றே வளைந்த தடித்த அடிப்பாகம் என்பது இதன் அமைப்பு. கணுக்கால் அசையாதிருக்கும்போதே பாதம் முன்னோக்கி உருண்டு நடப்பதற்கு அந்த வளைவு துணை செய்கிறது.

காலைக் காக்கும் இந்தக் காலணியால் வேறொரு தொல்லை விளைவதுண்டு. அணிந்த சில நாள்களிலேயே, “அடிபட்டது வலக்கால், நோவதோ இடுப்பு” என்று பெரியவர்கள் பலர் முறையிடுவார்கள். வயதின் கோளாறு என்று வீட்டாரும் அதைத் தள்ளிவிடுவார்கள். உண்மையில் அது வயதின் கோளாறாக இல்லாமல் உயரத்தின் கோளாறாக இருக்கலாம்.

ஏறி இறங்கும் இடுப்பு

மருத்துவக் காலணியின் அடிப்பாகம் ஏறத்தாழ ஓர் அங்குலமோ அதற்கு மேலோ தடிப்பு உடையது. அதை அணிந்த கால் அந்த அளவுக்கு நீண்டுவிட்டதற்குச் சமம். ஒரு கால் நீண்டும் மறு கால் குறுகியும் இருந்தால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் உயர்ந்து மறு பக்கம் தாழும். தலை நேராக நிற்க வேண்டும் என்பதற்காக முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும். நீண்ட காலைத் தரையில் இடறாமல் முன்னே கொண்டுவர அதை வட்டமாகச் சுழற்றி வைக்க நேரும். அல்லது மறு காலின் விரல்களில் எம்பி நடக்க நேரும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான அடிகள் இவ்வாறு நடந்தால் இடுப்பும் கீழ்முதுகும் நல்ல காலின் முழங்காலும் நோவதில் வியப்பில்லை. ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்தச் சுமை இன்னும் கடுமையாகும்.

வலியைக் காட்டிலும் அஞ்ச வேண்டியது விழுதல். ஏறி இறங்கும் நடையில் உடலின் நிலைப்பு குறைகிறது. கால் எலும்பு கூடும் வேளையில் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், சில வாரங்களில் தீர வேண்டிய துன்பம் பல மாதங்களுக்கு நீளும்.

நம் இல்லங்களில் இந்தச் சிக்கல் கூடுதலாகவே இருக்கிறது. வீட்டிற்குள் செருப்பு அணிவதில்லை என்பது நம் வழக்கம். ஆகவே ஒரு காலில் மருத்துவக் காலணியின் முழுத் தடிப்பும் இருக்க, மறு கால் வெறுங்காலாகத் தரையில் படிகிறது. வெளியே செல்லும்போது செருப்பாவது அந்த வேறுபாட்டில் ஒரு பங்கைக் குறைக்கும். வீட்டிற்குள்ளோ வேறுபாடு முழுமையாகவே நிற்கும். பெரியவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது வீட்டிற்குள்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறு காலையும் உயர்த்துதல்

இதற்குத் தீர்வு எளியது. நல்ல காலையும் அதே அளவுக்கு உயர்த்திவிட்டால் இடுப்பு மட்டமாகிவிடும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, நல்ல காலின் காலணிக்கு அடியில் பட்டைகளால் மாட்டிக்கொள்ளும் ரப்பர் அடித்தட்டு. ‘ஷூ லிப்ட்’ என்று கேட்டால், எலும்பு சிகிச்சைக்குரிய பட்டைகளும் பெல்ட்டுகளும் விற்கும் கடைகளில் சொல்வார்கள். சிலவற்றில் அடுக்குகளைச் சேர்த்தும் நீக்கியும் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, தடித்த அடிப்பாகம் உள்ள, குதிகாலைப் பின்புறம் பட்டையால் பிடிக்கும் செருப்பு அல்லது ஷூ. மூன்றாவது, பழகிய செருப்பொன்றைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, குதி முதல் விரல் வரை ஒரே சீராக ரப்பர் அடுக்கு ஒட்டித் தைத்து வாங்குதல். இதற்கு ஆகும் செலவும் குறைவு.

குதிகாலுக்கு மட்டும் காலணியின் உள்ளே வைக்கும் சிறு திண்டு இந்த அளவு வேறுபாட்டிற்குப் போதாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே வைத்தால் குதிகால் காலணியை விட்டு வெளியே வழுகத் தொடங்கும். விரல்களால் மட்டும் பிடித்து நடக்கும் ரப்பர் செருப்பு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் ஆகாது. அது தானே ஒரு வழுக்கல்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை எலும்பு மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ பார்த்துச் சொல்வது நலம். வீட்டிலும் ஓரளவு கணிக்கலாம். மருத்துவக் காலணியை அணிந்து, கைப்பிடி உள்ள இடத்தில் பெரியவர் நேராக நிற்க வேண்டும். வீட்டார் ஒருவர் பின்னால் அமர்ந்து, இடுப்பின் இரு பக்க எலும்பு மேடுகளிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல காலுக்கு அடியில் கெட்டி அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தால், இரு கைகளும் ஒரே மட்டத்தில் நிற்கும் அளவு தெரிந்துவிடும். நூல் பிடித்தாற்போல் சரியாக இருக்க வேண்டியதில்லை. சற்றுக் குறைந்தாலும் குற்றமில்லை. மருத்துவக் காலணியைவிடக் கூடுதலாக மட்டும் உயர்ந்துவிடக் கூடாது.

மறக்கக் கூடாதவை

மருத்துவக் காலணியைக் கழற்றும்போது அடித்தட்டையும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் தாழ்வு மறு பக்கத்துக்கு மாறுமே தவிரத் தீராது. இரண்டையும் கட்டிலில் அமர்ந்தபடியே சேர்த்து அணிந்து, சேர்த்தே கழற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இரவில் எழுந்து கழிப்பறைக்குச் செல்பவர்கள் அவசரத்தில் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு நடப்பதே பெரும்பாலும் ஆபத்தாகிறது. விளக்கைப் போட்டு, அமர்ந்து, இரண்டையும் அணிந்து, ஒரு கணம் நின்று நிலைப்பு வந்த பின்னரே அடி எடுத்து வைக்க வேண்டும்.

வீட்டிற்குள் அணிவதற்கென்று தனியாக ஒரு தூய காலணியை வைத்துக்கொண்டால் ஆசாரத்திற்கும் குறைவில்லை, உடம்புக்கும் கேடில்லை. பூசையறை வாசலில் ஒரு நாற்காலி இட்டு, அதில் அமர்ந்தபடியே விளக்கைத் தரிசித்து வழிபடலாம்.

கைத்தடி வைத்திருப்பவர்கள் அதன் உயரத்தையும் மாற்ற வேண்டும். இரு கால்களும் உயர்ந்துவிட்டதால் பழைய தடி குட்டையாகி, முதுகைக் குனியச் செய்யும். இரு காலணிகளுடனும் நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் அளவுக்கு வர வேண்டும். தடியை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடித்து, நோயுற்ற காலோடு சேர்த்து முன்னே ஊன்ற வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். பட்டை அழுத்தியோ அடித்தட்டு உரசியோ நல்ல காலில் புண் தோன்றினாலும் தெரியாது. நாள்தோறும் இரு பாதங்களையும், விரலிடுக்குகள் உட்பட, வீட்டார் பார்க்க வேண்டும். ஆடுசதையில் புதிய வீக்கமும் வலியும் கண்டால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். மூச்சுத் திணறலோ மார்பு வலியோ சேர்ந்து வந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அசையாத காலில் இரத்தம் உறைவதால் இது நேரக்கூடும்.

அடித்தட்டு எல்லோருக்கும் ஏற்றதன்று. காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதற்குத் தேவையே எழாது. தலைசுற்றல், கை கால் நடுக்கம், பார்வைக் குறைவு உடையவர்களும், முன்பே ஒரு கால் குறுகியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அணியலாகாது. மற்றவர்களும் முதல் இரண்டு நாள்கள் சுவரையோ துணையையோ பற்றியே பழக வேண்டும்.

ஆலயம் செல்லும்போது

இனி, பெரியோர்களின் உள்ளத்தை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. ஆலயத்தில் காலணி அணியலாகாது; மருத்துவக் காலணியைக் கழற்றிவிட்டுச் செல்லலாமா? காலணி இல்லாமல் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் வரையில், வாசலில் கழற்றிவிட்டுக் கருங்கல் தரையில் வெறுங்காலுடன் நடப்பது எலும்பு கூடுவதைக் கெடுத்துவிடும். அந்தச் சில வாரங்களில் வெளியே நின்று கோபுரத்தைத் தொழுது திரும்பலாம். பெரிய ஆலயங்கள் பலவற்றில் சக்கர நாற்காலி கிடைக்கிறது. முன்கூட்டியே அலுவலகத்தில் நிலைமையைச் சொல்லி, முறையைக் கேட்டறிந்து செல்வது நல்லது. சிறிது நேரம் கழற்றலாம் என்று மருத்துவர் இசைந்தவர்களும், மறு காலின் காலணியையும் சேர்த்தே கழற்றி, துணையின் தோளைப் பற்றியே உள்ளே செல்ல வேண்டும். தரையில் விழுந்து வணங்குவதை அந்நாள்களில் ஒத்திவைத்து, நின்றபடியோ அமர்ந்தபடியோ கைகூப்பினால் போதும்.

படிகளில் ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுற்ற கால் முதலில். உயர்ந்த வாயிற்படியைத் தாண்டும்போதும் நல்ல காலையே முன்னே வைக்க வேண்டும். வலக்காலை எடுத்து வைத்து நுழைவதே மரபு. அடிபட்டது வலக்கால் என்றால் என்ன செய்வது என்று பலர் தயங்குவார்கள். குணமாகும் வரையில் இடக்காலை முன்வைத்து நுழைவதால் வழிபாடு எவ்வகையிலும் குறைந்துவிடாது. தயக்கத்தினால் வாயிற்படியில் தடுமாறி விழுவதே குறை.

இத்தகைய துணைகளை ஏற்பதில் கூச்சம் கொள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். “இத்தனை நாள் யார் துணையும் இன்றி நடந்தேன், இப்போது இரண்டு காலிலும் இரண்டு விதமாக மாட்டிக்கொண்டு நாலு பேர் பார்க்க நடப்பதா?” என்பது அவர்கள் மனக்குறை. அவர்கள் திருவெண்பாக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். திருவொற்றியூரில் பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு அத்தலத்து இறைவன் அருளியது ஓர் ஊன்றுகோல். கண்கள் பின்னரே, காஞ்சியில் ஒன்றும் திருவாரூரில் ஒன்றுமாகக் கிடைத்தன. பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது இடம் மாற்றிக் கட்டப்பட்ட அந்த ஆலயத்தில் இறைவன் இன்றும் ஊன்றீஸ்வரர் என்றே வழங்கப்படுகிறார்.

முழுக் குணம் வருவதற்கு முன் வழிநடக்க ஒரு கோல் தேவைப்பட்டது. அதைப் பற்றிக்கொண்டு சுந்தரர் நடந்தார். மருத்துவக் காலணியும் மறு காலின் அடித்தட்டும் அத்தகைய சில வாரத் துணைகளே. எலும்பு கூடியதும் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, முன்போல் வெறும் பாதங்களுடன் பிரகாரம் வலம் வரலாம்.